பையனுக்கு உடம்பு பத்தாதாம்!

எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினான்கு வயது. போன மே மாதம் சமவெளியில் ஓர் ஊரில் நடந்த கிரிக்கெட் கோடைப் பயிற்சி முகாமுக்குப் போய் இருபத்தொரு நாள் இருந்துவிட்டு வந்தான். போகும்போது கையை வீசிக்கொண்டு போனவன், வரும்போது மூன்று சாமான்களோடு வந்தான். ஒன்று, அங்கேயே வாங்க வைத்த புது மட்டை. இரண்டு, சதை போடுவதற்கான மாவு டப்பா. மூன்றாவது, முதுகுவலி.

நாலாவதாக ஒன்றும் இருந்தது. அது உடனே வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து சொன்னான்.

"தாத்தா, அடி வரணும்னா கையில பவர் வேணுமாம். எனக்கு உடம்பு பத்தாதாம். பேட்டிங் உனக்கு ஆகாது, வேற ஏதாவது பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்க."

அவன் அம்மா காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவள். முகாமுக்கு ஆறாயிரம், மட்டைக்கு மூவாயிரத்து எண்ணூறு, டப்பாவுக்கு இரண்டாயிரத்து நானூறு. மிளகு விற்ற பணமும், நகை வைத்த பணமும். அத்தனையும் கொடுத்து அந்தப் பிள்ளை வாங்கிவந்தது "உடம்பு பத்தாது" என்ற ஒரு தீர்ப்பு. எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். வயதானவனின் கோபம் என்று தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பேரன் இருப்பான்.

அந்த மட்டையை மளிகைக் கடைக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்தோம். 1,300 கிராம். பெரிய ஆட்டக்காரர்கள் பிடிக்கிற முழு அளவு மட்டை. பையன் எடை முப்பத்தெட்டு கிலோ. இந்த மட்டையால் ஒரு நாளைக்கு இருநூறு தடவை காற்றில் வீசச் சொன்னார்களாம். முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

"நீ அரசாங்கத்தில் கோப்பு எழுதினவன், உனக்குக் கிரிக்கெட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். முப்பத்து நாலு வருடம் எழுத்தராக இருந்து, ஓய்வு பெற்றபின் மனைவியின் பூர்வீக இடமான இந்த அடுக்கத்துக்கு வந்து சேர்ந்தவன். கிரிக்கெட்டை நான் ஒழுங்காக ஆடியதில்லை. ஆனால் ஒரு கோப்பில் யாரோ எழுதிய முடிவுக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. "உடம்பு பத்தாது" என்ற முடிவுக்கு ஆதாரம் இல்லை. அதைத்தான் காட்டப் போகிறேன்.

2016-ல் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்தேன். நம்மைப் போன்றவர்கள் அங்கே போனால் செய்ய ஒன்றும் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் நடை, மாலையில் பேரனின் பேஸ்பால் பயிற்சி. மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தப் பயிற்சியாளர் பிள்ளைகளின் கையைப் பார்ப்பதே இல்லை. குனிந்து காலைப் பார்ப்பார். எழுந்து இடுப்பைப் பார்ப்பார். மட்டை கடைசியில்தான். இடுப்புயரக் கம்பின் தலையில் பந்தை அசையாமல் வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அடிக்கச் சொல்வார். அடி சரியில்லை என்றால் மட்டையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு காலை எடுத்துவைத்து இடுப்பைத் திருப்பச் சொல்வார். அதிலே இருபது தடவை. அப்புறம்தான் மட்டை.

ஒருநாள் பேரன் வழியாக அவரிடம் கேட்டேன். கை பலம் வேண்டாமா? அவர் சிரித்துவிட்டு, கை வழி காட்டும், வண்டியை இழுப்பது கால், என்று சொன்னார். நமக்குத் தெரிந்த விஷயம்தானே, இதைக் கேட்கக் கடல் கடந்து வரவேண்டியிருந்ததே என்று வெட்கமாகிவிட்டது.

தெரிந்த விஷயம் என்று ஏன் சொல்கிறேன்? கில்லி ஆடியவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் கில்லியை அதிக தூரம் அடித்தவன் யார்? கொழுகொழுவென்று இருந்த கடைக்காரர் மகனா? இல்லை. நோஞ்சானாக இருந்த ஒருவன்தான். புள்ளைத் தட்டி எழுப்பிவிட்டு, பின்காலில் ஒரு நொடி உட்கார்ந்து எழுந்து, உடம்பு முழுவதையும் ஒரு திருப்பு திருப்புவான். புள் மூன்று வீடு தாண்டிப் போகும். கடைக்காரர் மகன் தோளால் அடிப்பான். புள் பக்கத்துச் சாக்கடையில் விழும்.

இங்கே அடுக்கத்தில் தைலமரக் கட்டை பிளக்கிற பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். அறுபத்தைந்து வயது. என் பாதி எடைகூட இருக்க மாட்டார். கோடாலி இறங்கும்போது அவர் முட்டி மடங்குவதைப் பாருங்கள். கோடாலியைக் கை தூக்குகிறது, இடுப்பு இறக்குகிறது. ஊரில் இரண்டு வாலிபர்கள் ஜிம்முக்குப் போய்வருகிறார்கள். அவர்களிடம் அந்தக் கோடாலியைக் கொடுத்துப் பாருங்கள். பத்தாவது அடியில் தோளைப் பிடித்துக்கொள்வார்கள். உலக்கை குத்திய நம் தாய்மார்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். கையால் குத்தினால் ஒரு மரக்கால் நெல்கூடத் தாண்டாது.

இனி, அந்த அடி எப்படிப் பிறக்கிறது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வலக்கை ஆட்டக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிற்பது. கால்கள் தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அகன்று, முட்டி லேசாக மடங்கி, எடை முன்பாதத்தில். குதிகாலில் நிற்கிறவன் அடிக்க முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவன் எப்படி நிற்பானோ அப்படி.

இரண்டாவது, பின்வாங்குவது. பந்து வீசுகிறவன் கை மேலே போகும்போது இவன் எடை பின்காலின் உட்புறத்துக்குப் போகவேண்டும். இடுப்பு கொஞ்சம் உள்ளே திரும்பும். கைகள் பின்தோள் பக்கம் போகும். ஆட்டுக்கிடா மோதுவதற்கு முன் பின்னால் போகிறதே, அது பயத்தினால் அல்ல.

மூன்றாவது, முன்காலைச் சிறிதாக எடுத்து வைப்பது. பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் இதுதான். கால் முன்னே போகும்போது கையும் கூடவே முன்னே வந்துவிடும். வரக்கூடாது. கால் முன்னே, கை பின்னே. அந்த இழுப்பில்தான் உண்டிவில் ரப்பர் போல உடம்பு விறைக்கிறது. ரப்பரை இழுக்காமல் கல்லை விட்டால் கல் காலடியில்தான் விழும்.

நாலாவது, முன்கால் தரையில் பதிந்து முட்டி விறைத்துக்கொள்ள, இடுப்பு முதலில் திரும்பும். அதன் பின்னால் மார்பு, அதன் பின்னால் கை, கடைசியில் மட்டை. இந்த வரிசை மாறக்கூடாது. மாட்டு வண்டிக்காரர் சாட்டை சொடுக்கும்போது கைப்பிடி பாதியில் நின்றுவிடும். நுனிதான் பறந்து போய்ச் சத்தம் போடும். இடுப்பு வேகமெடுத்து நின்றால் அந்த வேகம் மார்புக்கு ஏறும், மார்பு நின்றால் கைக்கு ஏறும், கடைசியில் எல்லாம் சேர்ந்து மட்டையின் நுனிக்குப் போகும். தோளால் அடிக்கிறவன் சாட்டையை நடுவில் பிடித்துக்கொண்டு சொடுக்குகிறவன்.

ஐந்தாவது, தலை. மற்றதெல்லாம் சுழலும்போது தலை மட்டும் கம்பத்தில் ஏற்றிய விளக்கு போல அசையாமல் இருக்கவேண்டும். தலை ஆடினால் கண் ஆடும், கண் ஆடினால் பந்து தவறும்.

இதிலே கணக்கும் இருக்கிறது. பேஸ்பாலில் வீசுகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் 18.44 மீட்டர். நம் பிட்ச் 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். மணிக்கு 145 கி.மீ. வேகத்தில் வருகிற பந்து ஏறக்குறைய 0.4 நொடியில் வந்துவிடும். பந்து மட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிற நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்துக்குள் தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ள யாராலும் முடியாது. படுகிற கணத்தில் மட்டைக்கு என்ன வேகம் இருக்கிறதோ அதுதான் உண்டு. பேஸ்பாலில் அளந்து வைத்திருக்கிறார்கள்: மட்டையின் வேகம் ஒரு மைல் கூடினால் பந்து ஏறக்குறைய 1.2 மைல் கூடுதல் வேகத்தில் போகும். வீசுகிறவனின் வேகம் ஒரு மைல் கூடினால் கிடைப்பது 0.2 மைல்தான். ஆகவே தேவைப்படுவது மட்டையின் வேகம். முப்பத்தெட்டு கிலோ பிள்ளையின் கையில் 1,300 கிராமைக் கொடுத்தால் வேகம் எங்கிருந்து வரும்? மிகக் கனமான மட்டைகளைப் பிடித்த பேப் ரூத்தின் காலம் 1920-கள். இன்று அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் பிடிப்பது 900 கிராமை ஒட்டிய கட்டைதான்.

இன்னொன்று, பந்து எந்தக் கோணத்தில் எழவேண்டும் என்பது. பள்ளிக்கூடக் கணக்கில் 45 பாகை என்று படித்தோம். காற்று இருக்கிற உலகத்தில் அது ஆகாது. 2015 முதல் அங்கே பெரிய மைதானங்களிலெல்லாம் கருவி வைத்து ஒவ்வொரு அடியையும் அளக்கிறார்கள். எல்லையைத் தாண்டுகிற அடிகள் பெரும்பாலும் 25 முதல் 30 பாகையை ஒட்டி எழுந்தவை. இதைக் கருவி இல்லாத காலத்திலேயே ஓரளவு சொன்னவர் டெட் வில்லியம்ஸ். 1941-ல் .406 சராசரி அடித்தவர். வீசுமேடு உயரமாக இருப்பதால் பந்து சற்றுக் கீழ்நோக்கித்தான் வருகிறது. எனவே மட்டை சற்று மேல்நோக்கி எதிர்கொள்ளவேண்டும், இடுப்பு கையை முந்தவேண்டும் என்று அடிப்பதைப் பற்றி எழுதிய புத்தகத்தில் வாதாடினார்.

"எல்லாம் சரி, அவர்களெல்லாம் ஆறடி ஆட்கள்" என்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது.

ஜப்பானில் சடஹாரு ஓ என்று ஒருவர். டோக்கியோவில் நூடுல்ஸ் கடை வைத்திருந்த சீனத் தந்தையின் மகன். உயரம் 177 செ.மீ. 1959-ல் யோமியுரி ஜயண்ட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் மூன்று வருடம் பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. அரகாவா என்ற பயிற்சியாளர் "உடம்பு பத்தாது" என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இடக்கை ஆட்டக்காரரான அவரை வலது காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். கையில் வாளைக் கொடுத்து, தொங்கவிட்ட காகிதத்தை வெட்டச் சொன்னார். காகிதத்தை வாளால் வெட்டுவதற்குத் தோள் பலம் எதற்கு? இடுப்பும் ஒழுங்கும்தான் வேண்டும். 1980-ல் ஓய்வு பெறும்போது அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் 868. அமெரிக்காவின் பெரிய லீக்கில்கூட அந்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை.

அமெரிக்காவின் ஹாங்க் ஆரன், கறுப்பினத்தவர், ஏழை வீட்டுப் பிள்ளை. சிறுவயதில் மட்டை வாங்க வசதியில்லாமல் குச்சியால் சோடா மூடிகளை அடித்துப் பழகியவர். கையை மாற்றிக் குறுக்காகப் பிடித்துக்கூட ஆடியிருக்கிறார். ஆறடி உயரம் இருந்தும் எடை ஏறக்குறைய 82 கிலோதான். பயில்வான் உடம்பு இல்லை. 1974 ஏப்ரல் 8-ஆம் தேதி பேப் ரூத்தின் 714-ஐத் தாண்டி, 755-இல் நிறுத்தினார். அவருக்கும் யாராவது முகாமில் டப்பா விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவ்வளவு தூரம் எதற்கு? நம்ம தினேஷ் கார்த்திக். 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்கதேசத்துக்கு எதிராகப் பன்னிரண்டு பந்தில் 34 வேண்டும். மனிதர் எட்டே பந்தில் 29 அடித்தார். கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவைப்பட, எக்ஸ்ட்ரா கவர் மேலே தட்டையாக ஒரு சிக்ஸர். அன்று டிவியில் நாம் எல்லோரும் அலறினோமே! மறுபடி பார்க்க வாய்த்தால் அவர் கையைப் பார்க்காதீர்கள். இடுப்பைப் பாருங்கள்.

என் பிரெஞ்சுப் பள்ளி நாளிலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் இன்றும் ஆடுகிறார்களே, இரும்புக் குண்டு எறிகிற பெத்தாங்க். அந்தப் பேருக்கே "கால் ஊன்றியது" என்றுதான் அர்த்தம். எங்கள் உடற்பயிற்சி வாத்தியார் அதன் கதையைச் சொல்வார். தென் பிரான்சில் அதற்கு முன் இருந்த ஆட்டத்தில் அடியெடுத்து ஓடிவந்து எறிவார்கள். 15, 20 மீட்டருக்குப் போடுவார்கள். லா சியோத்தா என்ற ஊரில் ழூல் லெனுவார் என்று ஓர் ஆட்டக்காரர். முடக்குவாதம் வந்து ஓட முடியாமல் போயிற்று. அவருக்காகத்தான் 1900-களின் தொடக்கத்தில் நின்ற இடத்திலேயே எறிகிற ஆட்டத்தை உண்டாக்கினார்கள். அப்போது தூரத்தையும் குறைக்கவேண்டி வந்தது: ஆறிலிருந்து பத்து மீட்டர். அதே கைதான், அதே குண்டுதான். காலை எடுத்துவிட்டதும் தூரம் பாதியாயிற்று. அடி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த முகாம்காரர்களிடம் நேராகவே கேட்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே அளவு மட்டை எப்படிப் பொருந்தும்? எலும்பு வளர்கிற வயதில் கனமான கட்டையால் இருநூறு தடவை முதுகை முறுக்கச் சொன்னீர்களே, முதல் நாள் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை "தாங்கிக்கோ" என்றீர்களே, அது எந்தப் பாடத்தில் இருக்கிறது? இருபத்தொரு நாளில் ஒரு நாளாவது அவன் காலைப் பார்த்தீர்களா? பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அலுவலகத்தில் கோப்பைத் திறக்காமலே "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதுகிறவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களாவது மனுதாரருக்கு மாவு டப்பா விற்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு உடம்பு பத்தாது என்றீர்களே, அவன் தினமும் பள்ளிக்கூடம் போய்வருகிற ஏற்றத்தில் உங்களால் ஒரு தடவை மூச்சு வாங்காமல் ஏற முடியுமா? விடுமுறை நாளில் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி வருகிறவன் அவன். மலைப் பிள்ளையின் தொடையும் இடுப்பும் உங்கள் டப்பாவில் கிடைக்காத சரக்கு. அதை எப்படி மட்டைக்கு ஏற்றுவது என்று சொல்லித் தருவதுதான் உங்கள் வேலை. வாங்கிய ஆறாயிரம் அதற்குத்தான்.

இனி என் வயதுக்காரர்கள் பக்கம் வருகிறேன். நீங்களும் தப்ப முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "தூக்கி அடிக்கிறது ஒரு ஆட்டமா? நேர் மட்டை, தரையோடு பந்து, அதுதான் கிரிக்கெட்" என்று சொல்கிறீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பிராட்மேன் 52 டெஸ்ட் ஆடி 99.94 சராசரி வைத்துவிட்டு, மொத்தமே ஆறு சிக்ஸர்தான் அடித்தார். சிக்ஸர் அடிக்காதவன் மோசமான ஆட்டக்காரன் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதே பிராட்மேன் குள்ளமான ஆள்; சிறுவயதில் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து ஸ்டம்புக் குச்சியால் அடித்துப் பழகியவர். அவருக்கு யாரும் கனமான மட்டை கொடுக்கவில்லை. தரையோடு அடிக்கிற பந்துக்கும் வேகம் அந்தக் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வருகிறது. பையன்கள் அடிக்க ஆசைப்படுகிற காலம் இது. ஆசையைக் கேலி செய்தால் அவர்கள் நம்மிடம் கேட்க மாட்டார்கள். டப்பா விற்கிறவனிடம் போவார்கள். நம் பையன் போனது அப்படித்தான்.

பேஸ்பாலை அப்படியே கிரிக்கெட்டில் ஒட்டவைக்க முடியும் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே பந்து தரையில் படாமல் வருகிறது. இங்கே குத்தி எழும்புகிறது, திரும்புகிறது. அங்கே உருண்டைக் கட்டை, இங்கே நாலேகால் அங்குல அகலத் தட்டை மட்டை. அங்கே பின்னால் குச்சி கிடையாது. இங்கே ஒரு தவறில் குச்சி பறந்துவிடும். யார்க்கருக்கு அந்தச் சுழற்சி உதவாது. கொடைக்கானல் குளிரில் ஈரப் பிட்ச்சில் தாழ்ந்து உருளும் பந்துக்கும் உதவாது. முதலில் தடுக்கத் தெரியவேண்டும், எந்தப் பந்தை அடிப்பது என்று தெரியவேண்டும். ஆனால் அடிப்பது என்று முடிவு செய்தபின் உடம்பு வேலை செய்கிற வரிசை இரண்டு ஆட்டத்துக்கும் ஒன்றுதான்.

பிள்ளையை முகாமுக்கு அனுப்புகிற பெற்றோர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை உயரத்துக்கு எந்த அளவு மட்டை, எத்தனை கிராம்? ஒரு நாளைக்கு எத்தனை அடி, வலித்தால் என்ன செய்வீர்கள்? அவன் காலும் இடுப்பும் எப்படி இருக்கிறது என்று முதல் வாரத்தில் எனக்குச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு முழிக்கிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முதுகுவலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், தைலம் தேய்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன். முதல் வேலையாகப் பெரியகுளத்துக்கு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டினோம். ஆறு வாரம் மட்டையைத் தொடக்கூடாது என்றார். தொடவில்லை. பிறகு புது மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டு, அவனுடைய பழைய சின்ன மட்டையை எடுத்தோம். கொய்யாக் கவட்டை ஒன்றை இடுப்புயரத்துக்கு நட்டு, மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் டென்னிஸ் பந்தை வைத்தோம். அமெரிக்காவில் பார்த்த கம்புக்கு அடுக்கத்து மாற்று. எதிரே கயிற்றில் ஒரு பழைய கம்பளி. ஒரு நாளைக்கு முப்பது அடி, அதற்கு மேல் கிடையாது. அதற்கு முன் மட்டையை இடுப்புக்குப் பின்னால் குறுக்காக வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் எடுத்துவைத்து இடுப்பை மட்டும் திருப்புகிற பயிற்சி. நான் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: "கால் முன்னே, கை பின்னே."

முதல் இரண்டு வாரம் அவனுக்கே சிரிப்பாக இருந்தது. என் மனைவி, "கிழவருக்கு வேற வேலை இல்லை, பிள்ளையைப் போட்டு ஆட்டுகிறார்" என்றாள். மூன்றாவது வாரம் கம்பளியில் பந்து படுகிற சத்தம் மாறியது. எனக்கு முன் அவளுக்குத்தான் கேட்டது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அடுக்கத்தில் தட்டையான இடம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பிள்ளைகள் ஆடுகிற இடத்துக்கு மூன்று பக்கமும் சரிவு. ஓங்கி அடித்தால் பந்து காப்பித் தோட்டத்துக்குள் போய் அங்கிருந்து உருண்டு கும்பக்கரைக்கே போய்விடும் என்பார்கள். அதனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: சரிவுக்குள் தூக்கி அடித்தால் அவுட். அடித்தவனே பந்தைத் தேடி எடுத்து வரவேண்டும். கிடைக்காவிட்டால் அவனே புதுப் பந்து வாங்கவேண்டும். யோசித்துப் பாருங்கள், நம் மலைப் பிள்ளைகள் அடிக்கக் கூடாது என்றே ஆடிப் பழகியவர்கள். முகாமில் போய் முதல் நாள் தயங்கி நின்றதற்குக் காரணம் அந்தச் சட்டமாகவும் இருந்திருக்கலாம். அதை யார் கேட்டார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் ஆடினார்கள். நானும் போய்ப் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். நாலாவது பந்தோ ஐந்தாவது பந்தோ, சற்று மேலே வந்தது. பையன் கால் முன்னே போயிற்று, கை பின்னே நின்றது. அப்புறம் நான் பந்தைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டேன். பலாமரத்துக்கு மேலே போய்ச் சரிவில் இறங்கியது என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லோருமாகச் சேர்ந்து இருட்டுகிற வரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

சட்டப்படி அவன் அவுட்தான். புதுப் பந்துக்கு அறுபது ரூபாய் நான் கொடுத்தேன். அவன் அம்மா, "எதுக்குங்க ஐயா?" என்றாள். நான் ரசீது கேட்கவில்லை.